மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே

பாடியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெற்கே அண்ணா நகர் வெளிச்சம் வானத்தை வெளுத்துவிடும். அப்படியும் போன ஆகஸ்டில், சாயங்காலம் மழை அடித்து ஓய்ந்த ஒரு ராத்திரி, ஒன்பது மணிக்கு நட்சத்திரத் தேளின் கொடுக்கு பளிச்சென்று தெரிந்தது. துணிக்கொடியை ஒதுக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டிமேல் முழங்கையை ஊன்றி பைனாகுலரைப் பிடித்தேன். கொடுக்கில் இருப்பதுதான் மூலம். அதற்கு இடப்பக்கம் டீ கெட்டில் போல ஒரு கூட்டம். பூராடமும் உத்திராடமும் அதில்தான். கெட்டிலின் மூக்கிலிருந்து வலப்புறம் மூன்று விரல் தள்ளி ஒரு வெற்றிடம். நம் பால்வீதியின் மையம் அதுதான்! சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளை, ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தொலைவில், அங்கே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் தூசு மறைப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் திசையைப் பார்த்ததற்கே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஓடிப்போய் அத்தையைக் கூட்டிவந்தேன். அத்தை மூல நட்சத்திரம். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லிச் சொல்லியே வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தார்கள். ஜாதகத்தில் எழுத்தாக மட்டுமே பார்த்ததை அன்றுதான் கண்ணால் பார்க்கிறார்.

“இதாடா அது? இவ்வளவு அழகா இருக்கே!”

பைனாகுலரைத் திருப்பித் தரவே இல்லை. பக்கத்து வெற்றிடத்தைப் பற்றிச் சொன்னேன். “ஒண்ணுமே தெரியலையே, இருக்குன்னு எப்படிச் சொல்றே?” என்றார்.

சுற்றி வருபவர்களை வைத்துத்தான் அத்தை! எஸ்2 என்றொரு நட்சத்திரம் அந்த இருட்டை 16 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2018 மே மாதம் மிக அருகே வந்தபோது நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். ஒரே நொடியில் இங்கிருந்து கன்னியாகுமரிக்கு ஐந்து தடவை போய்வரலாம். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு எடை என்றால் அது கருந்துளைதான். வருஷக்கணக்கில் விடாமல் இதை அளந்த ரைன்ஹார்ட் கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் 2020-ல் நோபல் கிடைத்தது. 2022 மே 12-ல் படமே வெளியானது: ஆரஞ்சு வளையம், நடுவே இருட்டு. நிலாவில் வைத்த நாலு அங்குல மெதுவடையைப் பூமியிலிருந்து படம் பிடித்த மாதிரி!

இதைவிடவும் என்னைத் துள்ளவைத்தது 2023 நவம்பரில் வந்த செய்தி. விண்மீன் மண்டலங்களின் மையக் கருந்துளைகள் இவ்வளவு பெருத்தது எப்படி? செத்த நட்சத்திரம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வளர, பிரபஞ்சத்தின் ஆரம்பக் காலத்தில் நேரமே போதாது. வாயு மேகமே நட்சத்திரமாகாமல் நேராகச் சரிந்து பெரிய கருந்துளையாகலாம் என்று சக ஆய்வாளர்களோடு கணக்குப் போட்டு வைத்திருந்தவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியம்வதா நடராஜன். பிறந்தது நம் கோயம்புத்தூரில். யுஎச்இசட்1 என்ற விண்மீன் மண்டலத்தில், பிரபஞ்சம் பிறந்து வெறும் 47 கோடி ஆண்டில், அதிலுள்ள நட்சத்திரங்கள் மொத்தத்துக்கும் நிகரான எடையில் ஒரு கருந்துளை அகப்பட்டது. அவர் கணக்கோடு அழகாகப் பொருந்தியது. அதன் எக்ஸ்ரேயைப் பிடித்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1930-ல் 19 வயதில் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். கோவைப் பெண்ணின் கணக்குக்குச் சென்னையில் வளர்ந்தவரின் பெயர் தாங்கிய கருவி சாட்சி சொல்லியிருக்கிறது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஜெர்மனியில் அடிவானத்தை ஒட்டியே நகரும் நம் பால்வீதி மையம், சென்னையில் 48 டிகிரி உயரத்துக்கு ஏறி வருகிறது. ஆகஸ்ட் முதல் வாரம், ராத்திரி ஒன்பது மணி, மேகமில்லாத நாளாகப் பார்த்து மாடியேறுங்கள். தெற்கே திரும்பி, அடிவானத்துக்கும் உச்சிக்கும் சரிபாதியில் தேடுங்கள். வீட்டில் மூல நட்சத்திரக்காரர் யாராவது இருந்தால் அவர்களையும் கட்டாயம் கூட்டிப்போங்கள்.