புடைத்தெடுத்த மணி

சில உத்திகளைப் பார்க்கும்போது, இதை யோசித்தவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். பேஜ் டிஸ்ப்ளே எனக்கு அப்படித்தான்.

பேஜ் என்பது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ். எம்13 என்ற வகை நூலிழை போல இருக்கும். பருமன் ஏழு நானோமீட்டர் அளவுதான். இத்தகைய நூலிழைப் பேஜின் மரபணுவில் வேறொரு புரதத்தின் குறிப்பைச் செருகினால், அந்தப் புரதம் இழையின் நுனியில் வந்து நிற்கும் என்று 1985-இல் காட்டினார் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்மித். 1990-இல் கேம்பிரிட்ஜில் கிரெக் வின்டர் குழுவினர் அந்த நுனியில், இலக்கைப் பிடித்து ஒட்டும் புரதமான ஆன்டிபாடியின் துண்டை ஏற்றினார்கள். வெளியே புரதம், உள்ளே அதைச் செய்யும் குறிப்பு. பண்டமும் பக்குவமும் ஒரே பொட்டலத்தில்!

மனித ரத்த செல்களின் மரபணுக்களைக் கொண்டு இப்படி நூறு கோடிக்கும் மேற்பட்ட வகைகள் உள்ள நூலகம் அமைக்கலாம். அத்தனையும் ஒரு சிறு குழாயில் அடங்கும். நோய்க்குக் காரணமான புரதத்தைத் தட்டில் பூசி, அதன்மேல் நூலகத்தை ஊற்றிக் கழுவுகிறார்கள். ஒட்டாதவை போய்விடும். ஒட்டியவற்றைப் பிரித்து, ஈ.கோலை பாக்டீரியாவில் பெருக்கி, மறுபடி ஊற்றுகிறார்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. முறத்தில் புடைக்கப் புடைக்கப் பதர் போய் மணி தங்குவது போல, இறுக்கிப் பிடிப்பவை மிஞ்சுகின்றன.

இந்த முறையால் உருவான அடலிமுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து, முடக்குவாத மூட்டழற்சிக்கு 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியை ஸ்மித்தும் வின்டரும் பகிர்ந்துகொண்டார்கள். விரல் மடக்க முடியாமல் தவித்தவர் மறுபடி சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வது, அதைவிடப் பெரிய பரிசு.