கால் சுற்று

ஜலதோஷம் உச்சத்தில் இருக்கும்போது யாராலும் எதையும் ரசிக்க முடியாது. அது விட்டுப்போகிற நாட்கள் வேறு. ஜுரம் இறங்கியிருக்கும், மூக்கு பாதி திறந்திருக்கும். ஆபீஸ் போகத் தெம்பிருக்காது, படுத்துக் கிடக்கவும் பிடிக்காது. இந்த ரெண்டுங்கெட்டான் நேரத்துக்கென்றே ஒரு வேலை உண்டென்றால், அது சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதுதான். நல்ல உடம்போடு உட்கார்ந்தால் ஸ்பேனரைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கத் தோன்றும். சைக்கிளுக்கு அந்தப் பலம் ஆகாது. கால் சுற்றோடு கையை நிறுத்தத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

கோபாலபுரத்துத் தெருக்களில் ஐப்பசி மழைத் தண்ணீர் நின்றால் வண்டியை அதற்குள்தான் உருட்டி வரவேண்டும். எனக்குச் சளி, சைக்கிளுக்குச் சத்தம். இரண்டுக்கும் காரணம் ஒரே மழை. கடலும் தூரமில்லை. தண்ணீர் தொடங்கியதை உப்புக்காற்று முடித்துவைக்கும்.

என்னுடையது கறுப்பு ஹெர்குலிஸ். ராடு பிரேக், 28க்கு 1½ டயர். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் வண்டி. கியர் கிடையாது, கனமும் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் திறக்கவே முடியாதபடி மூடி முத்திரை வைத்த பாகம் ஒன்றுகூட இதில் இல்லை. நாலைந்து ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டப்பா கிரீஸ் இருந்தால் போதும், தன் உள்விவகாரம் அத்தனையையும் காட்டிவிடும்.

தரையில் கோணிச் சாக்கை விரித்து வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாயிற்று. "ஈரத் தரைடா, பலகையைப் போட்டுண்டு உட்காரு" என்று அம்மா சுக்குக் காபியை நீட்டிவிட்டுப் போனாள். முதலில் முன்சக்கரம். அதைக் கழற்றியதும் ஆக்சிலின் இரு முனைகளையும் விரலால் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். காது அடைத்திருப்பதும் இங்கே ஒரு சௌகரியம். சத்தத்தை நம்ப முடியாததால் கவனமெல்லாம் விரலுக்கு வந்துவிடுகிறது. உள்ளே மணல் இருந்தால் ஒரு நெருநெருப்பு நகக்கண் வரைக்கும் ஏறும். கிரீஸ் காய்ந்திருந்தால் சக்கரம் மனசில்லாமல் சுற்றும். குண்டு தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒருமுறை இடறும்.

ஆக்சிலில் குண்டுகளை அணைத்து நிற்கும் கோனைத் திருகி எடுத்தால், கறுத்துப்போன கிரீஸுக்குள் பால்ஸ் தெரியும். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். பின் ஹப்பில் கால் அங்குல குண்டு, பக்கத்துக்கு ஒன்பது. பழைய எவர்சில்வர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அலசித் துணியில் உருட்டி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். நல்ல குண்டில் ஜன்னல் முழுசாகத் தெரியும். கெட்டதில் ஓரிடம் மங்கலாக இருக்கும். ஒன்று கெட்டாலும் அத்தனையையும் மாற்றிவிடுவதே முறை. தேய்ந்த குண்டுகளுக்கு நடுவே புதுசு ஒன்று வந்தால் அது மயிரிழை பெரிசாக இருந்து, பாரம் முழுக்க அதன் தலையில் விழும்.

கோனில் குண்டுகள் ஓடிய தடம் பளபளவென்று ஒரு வளையமாக இருக்கும். பார்க்க நன்றாயிருக்கிறது என்று விட்டுவிடக்கூடாது. பால்பாயின்ட் பேனாவின் முனையை அந்தத் தடத்தில் மெல்ல ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத குழியிலும் அது தட்டும். தட்டினால் கோன் புதுசு வாங்கவேண்டியதுதான்.

இனிமேல்தான் வித்தை. ஹப்பின் கப்பில் கிரீஸ் தடவிக் குண்டுகளைப் பதித்து, கோனைக் கையால் திருகி, அது நிற்கும்வரை போய், அங்கிருந்து கால் சுற்று பின்வாங்க வேண்டும். பிறகு ஒரு ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் வெளி நட்டை இறுக்கவேண்டும். நட்டு இறுகும்போது கோனையும் கொஞ்சம் உள்ளே தள்ளும். அந்தத் தள்ளலுக்கும் முன்கூட்டியே இடம் விட்டிருக்கவேண்டும். இறுக்கம் கூடினால் குண்டு கோனைத் தின்னும், தளர்ச்சி கூடினால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சக்கரத்தைத் தொங்கவிட்டு, வால்வை ஒன்பது மணிப் பக்கம் கொண்டுவந்து கையை எடுத்துவிட்டால், அந்த வால்வின் எடைக்கே சக்கரம் இறங்கி, ஊசலாடி, வால்வு அடியில் வர நிற்கவேண்டும்.

அடுத்தது கம்பிகள். முன்னே 32, பின்னே 40. ஹப்பிலிருந்து நேராக வராமல் சாய்வாகத் தொடுத்த இந்தக் கம்பி வரிசை, 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை வாங்கிய யோசனை. மிதிக்கிற விசை ஹப்பிலிருந்து ரிம்முக்கு முறுக்காகப் போவதால் நேர்க்கம்பி அதற்குத் தாங்காது. பெண்டு எடுக்க ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸை அணைத்துப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், ரிம் எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வெள்ளைக்கோடு விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பியை நிப்பிள் சாவியால் கால் சுற்று இறுக்கி, இந்தப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தவேண்டும். அவசரப்பட்டு ஒரே கம்பியை முழுச் சுற்று முறுக்கினால் கோணல் அடுத்த இடத்துக்குக் குடிபெயரும். கதீட்ரல் ரோட்டைத் தாண்டினால் மியூசிக் அகாடமி. மார்கழியில் அங்கே கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் வலந்தலையைச் சுற்றிச் சுற்றிக் கல்லால் தட்டி, எங்கே தொட்டாலும் ஒரே சுருதி பேச வைப்பாரே, இதுவும் அந்தக் காரியம்தான். முன்சக்கரத்தின் கம்பிகளை விரலால் மீட்டிப் பார்த்தால், பொத்தென்று ஒலிக்கும் கம்பி தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செயினுக்கு ஒரு அடி ஸ்கேல் போதும். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய வடிவம்தான் இன்றும் ஓடுகிறது. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது 12⅛ ஆகிவிட்டால் செயினின் ஆயுசு முடிந்தது. இரும்பு நீள்வதில்லை, ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் தேய்ந்த தேய்மானம் கூடிக்கூடி நீளமாகத் தெரிகிறது. செயின் லாக்கைத் திரும்பப் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், எதிலாவது உரசித் தெறித்துவிடும்.

கடையில் விட்டால் அரை நாளில் ஓவராயில் முடிந்துவிடாதா என்று கேட்கலாம். முடியும். காட்டர் பின்னுக்கும் ஃப்ரீவீலுக்கும் நானும் கடைக்குத்தான் போகிறேன். ஆனால் ஒரு கோனையாவது தானே அமைத்துப் பார்த்தவருக்குத்தான், மெக்கானிக்கின் இரண்டு கைகளும் இரண்டு ஸ்பேனர்களால் எதிரெதிராகப் பேசிக்கொள்வது புரியும். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பார்க்காமலே அந்தக் கால் சுற்றை விடுவார். சங்கீதம் கொஞ்சம் கற்றவர் கச்சேரிக்குப் போவதுபோல அப்புறம் கடை வாசலில் நிற்கலாம்.

பின்சக்கரம் பாக்கியிருக்கிறது. ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, செயின் எல்லாம் அந்த ஒரு ஆக்சிலில் வந்து தொங்குகின்றன. அதைப் பிரிக்க நிறைய நிதானம் வேண்டும். எனக்கோ உடம்பு தேறிவிட்டது, கையில் பலம் வந்துவிட்டது. அடுத்த ஜலதோஷம் வரட்டும்.