மாத்ரி மந்திரும் இரும்பைக் கோயிலும்: கட்டட அமைப்பும் மனித நடத்தையும்

மாத்ரி மந்திர், விழுப்புரம் மாவட்டம் ஆரோவில்லின் நடுவில் உள்ள தியானக் கட்டடம். இதற்கு 1971 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பணி 2008இல் நிறைவடைந்தது. வடிவமைத்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர். இதிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள இரும்பையில், திருஞானசம்பந்தர் பாடிய மகாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது. காலத்தாலும் கொள்கையாலும் வேறுபட்ட இவ்விரண்டு கட்டடங்களும் தம்முள் வருபவரை எப்படி நடக்க வைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

அமைப்பு

மாத்ரி மந்திர் சற்றே தட்டையான பெரிய கோளம். அதன் விட்டம் ஏறக்குறைய 36 மீட்டர், உயரம் 29 மீட்டர். வெளிப்புறத்தைப் பொன்னிறத் தட்டுகள் மூடியுள்ளன. கோளத்தைச் சுற்றிப் பன்னிரண்டு இதழ்கள் போன்ற அமைப்புகள் உண்டு. அவற்றுக்குள் சிறு தியான அறைகள் இருக்கின்றன.

கோளத்தின் மேற்பகுதியில் வெண்பளிங்குச் சுவர்கள் கொண்ட உள்ளறை அமைந்துள்ளது. அங்கு சிலையோ படமோ இல்லை. பூவும் ஊதுவத்தியும் கிடையாது. பன்னிரண்டு தூண்கள் நிற்கின்றன, ஆனால் அவை கூரையைத் தாங்கவில்லை. நடுவில் 70 செ.மீ. விட்டமுள்ள படிகக் கோளம் உள்ளது. சூரியனின் நகர்வைப் பின்தொடரும் கண்ணாடி, கூரை வழியாக ஒற்றை ஒளிக்கற்றையை அதன்மேல் விழச் செய்கிறது.

கட்டடமே நடத்தும் இடம்

உள்ளறைக்குச் செல்லச் சுழன்றேறும் சாய்தளங்கள் உள்ளன. படிகளில் ஏறுபவர் கால்களைக் கவனிக்க வேண்டும். இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டி ஓடவும் முடியும். நீண்ட சாய்தளம் நடையைத் தானாகவே மெதுவாக்குகிறது. செருப்பைக் கழற்றி வெள்ளைக் காலுறை அணிந்து நடப்பதால் காலடியோசை அடங்கிவிடுகிறது. சாய்தளத்தில் இளஞ்சிவப்புச் சாயலுடன் இருந்த ஒளி, உள்ளறையில் மங்கலான வெண்மையாக மாறுகிறது. பார்ப்பதற்கு அங்கே ஒளிக்கற்றை ஒன்றே உள்ளது. எனவே கண் அலையாமல் நிற்கிறது. வாய்விட்டுப் பேச யாருக்கும் தோன்றுவதில்லை.

கட்டடக் கலையின் உண்மையான வெற்றி இதுதான். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையின் வேலையை இங்கே தளத்தின் சரிவும் ஒளியும் பொருள்களின் இன்மையும் செய்கின்றன.

விதிகள் நடத்தும் இடம்

வெளியில் நிலை வேறு. பார்வையாளர் மையத்தில் அனுமதிச் சீட்டுப் பெற்று, நடந்து சென்று, காட்சிமுனையில் நின்று தொலைவிலிருந்து பார்ப்பதே பெரும்பாலோருக்குக் கிடைப்பது. உள்ளே செல்ல முன்பதிவு தேவை. காட்சிமுனையில் மக்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பொன்னிறக் கோளம் பின்னால் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எட்டி நின்று பார்க்க மட்டுமே வாய்ப்புள்ள மின்னும் பொருள் முன் வேறென்ன செய்ய முடியும்? தியானத்துக்கென எழுந்த கட்டடம் அந்த இடத்தில் வெறும் காட்சிப்பொருளாகிறது.

இரும்பைக் கோயில் தரும் பாடம்

சிவன் கோயிலின் அமைப்பும் மனிதரை நடத்துவதுதான். வாயிலில் செருப்பைக் கழற்றுகிறோம். நந்தியைக் கடந்து செல்லச் செல்ல வெளிச்சம் குறைகிறது. கருவறையில் விளக்கொளி மட்டும் மிஞ்சுகிறது. வெளிச்சத்தைக் குறைத்துக் கவனத்தைக் குவிக்கும் இந்த உத்தியில் இரு கட்டடங்களும் உறவினர்கள்.

வேறுபாடு இடைப்பட்ட வெளியில் இருக்கிறது. கோயிலில் வாசலுக்கும் கருவறைக்கும் இடையே பிராகாரமும் மண்டபமும் உண்டு. சுற்றி வருபவர், தூணில் சாய்ந்திருக்கும் முதியவர், கையைப் பிடித்து இழுக்கும் குழந்தை எல்லோருக்கும் அங்கே இடமிருக்கிறது. கருவறையை நெருங்க நெருங்கப் பேச்சு தானே குறைகிறது. மாத்ரி மந்திரில் பெரும்பாலான பார்வையாளருக்கு இரண்டே நிலைகள்: உள்ளே முழு மௌனம் அல்லது வெளியே தொலைதூரப் பார்வை. நடுவில் படிப்படியாக அடங்குவதற்கான வெளி அவர்களுக்கு இல்லை.

கோயிலமைப்பிலும் குறையுண்டு. யார் எதுவரை வரலாம் என்பதைச் சாதி நெடுங்காலம் தீர்மானித்தது. பிராகாரம் தன்னளவில் யாரையும் வரவேற்றுவிடவில்லை. ஆகவே நல்ல அமைப்பு மட்டும் போதாது, அது யாருக்காகத் திறக்கிறது என்பதும் முக்கியம்.

மதிப்பீடு

கூட்டத்தை அப்படியே உள்ளே விட்டால் உள்ளறையின் அமைதி ஒரு நாள்கூட நீடிக்காது. எனவே கட்டுப்பாட்டின் தேவையை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை வடிவம் ஏற்காமல் சீட்டுக்கும் காவலருக்கும் விட்டுவிட்டது என்பதே இக்கட்டடத்தின் மீதான விமர்சனம். சுற்றுக் கிராமத் தொழிலாளர்களும் உழைத்து எழுப்பிய கட்டடம் இது. அந்த ஊர்களிலிருந்து ஒருவர் மாலையில் வந்து, உள்ளே போகாமலேயே அதன் நிழலில் சற்று நேரம் அமைதியாக உட்கார ஒரு திண்ணை இருந்திருக்கலாம். உள்ளறையில் மௌனத்தை உருவாக்கிய அதே நுட்பம் வாசலிலும் செயல்பட்டிருந்தால், மாத்ரி மந்திரின் சாதனை இன்னும் முழுமை பெற்றிருக்கும்.