'பரம்பரை' என்றால் ஜீன் மட்டும்தானா?

பி.பி. பரம்பரையால் வருதா, மன அழுத்தத்தால் வருதா என்று கேட்டால், "ரெண்டும் சேர்ந்துதான்" என்பார்கள். அந்தப் பதிலோடு எனக்குச் சண்டையில்லை. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஓர் ஆய்வைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேத்லீன் லைட்டும் சகாக்களும் அமெரிக்காவில் செய்து 1999-ல் வெளியிட்ட ஆய்வு அது. 18 முதல் 22 வயதில் இருந்த 103 ஆண்களைக் கடுங்குளிரைத் தாங்கச் சொல்லி, சைகை வந்ததும் சட்டென்று செயல்படச் சொல்லி, ரத்த அழுத்தம் எவ்வளவு எகிறுது என்று முதலில் அளந்திருந்தார்கள். 10 ஆண்டு கழித்து மறுபடி அளந்தார்கள். ஆய்வகத்தில் எகிறிய எல்லோருக்கும் பின்னால் அழுத்தம் கூடிவிடவில்லை. பெற்றோருக்கும் பி.பி. இருந்து, அன்றாட வாழ்க்கையிலும் நெருக்கடி இருந்தவர்களிடம்தான் அந்த எகிறல் முன்னறிவிப்பாக இருந்தது.

நல்ல ஆய்வு. ஆனா, இதை 'ஜீனும் அழுத்தமும் சேர்ந்து வேலை செய்யுது' என்று படிக்கும்போதுதான் இடிக்குது. இங்கே பிரித்துப் பார்த்தது குடும்ப வரலாற்றை வைத்து. அப்பா அம்மாகிட்ட இருந்து வருவது ஜீன் மட்டுமா? சமையலில் உப்புக் கை, பணத் தட்டுப்பாடு, கோபத்தை விழுங்கும் பழக்கம் எல்லாமும்தான் வருது. போதாததற்கு, 103 பேரை மூன்று விதத்தில் பிரித்தால் ஒவ்வொரு குழுவிலும் மிஞ்சுவது கொஞ்சம் பேர்தான்.

ஜீனைத் தனியாகப் பிரித்துக் காட்டியது எலிச் சோதனை. 1963-ல் ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோவும் ஆவோகியும், தானாகவே ரத்த அழுத்தம் ஏறும் எலி இனத்தை உருவாக்கியதை அறிவித்தார்கள். பிற்பாடு அதை சாதாரண அழுத்தமுள்ள இனத்தோடு கலந்து பார்த்தார்கள். பிறந்த குட்டிகள் எல்லைக்கோட்டில் நின்றன. தொடர்ந்து மனநெருக்கடியோ, அதிக உப்போ கொடுத்தபோது கோட்டைத் தாண்டின. அங்கே வளர்ப்பும் தீனியும் ஆய்வாளர் கையில். மனிதரிடம் அப்படிச் செய்ய முடியாது.

இத்தாலியின் உம்ப்ரியா கன்னியர் மடத்தில் நடந்த ஆய்வு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. 144 துறவியரையும் வெளியில் வாழ்ந்த 138 பெண்களையும் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்து 1988-ல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் குடும்ப வரலாறும் உப்பின் அளவும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான். வெளியில் இருந்தவர்களுக்கு வயதோடு அழுத்தம் ஏறியது, மடத்தில் ஏறவில்லை. ஆனாலும், மடத்துக்குப் போனவர்களைக் குலுக்கிப் போட்டு அனுப்பவில்லையே! அமைதிதான் காரணமா, மடத்து வாழ்க்கையின் வேறு ஏதாவதா என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது.

சொல்லில் என்ன இருக்கு என்று விட்டுவிட முடியவில்லை. "உங்க பரம்பரையிலேயே இருக்கு, டென்ஷனைக் குறைங்க" என்று ஒருவரிடம் சொன்னால், முதல் பாதி அது தலைவிதி என்கிறது. இரண்டாம் பாதி தப்பு உன்னோடது என்கிறது. லைட்டின் ஆய்வு இரண்டையும் சொல்லவில்லை. வீட்டில் பி.பி. இருந்தால் இளம் வயதிலேயே அளந்து பார்க்கத் தொடங்கணும், நெருக்கடியையும் கணக்கில் எடுக்கணும் என்று எடுத்துக்கொண்டால் போதும். 'ஜீன்' என்ற சொல்லை, ஜீனைப் பார்த்த ஆய்வுகளுக்கு விட்டுவைக்கலாம்.