சுருக்கமும் சரித்திரமும்

அழகின் பெயரால் இன்று ஒரு விளம்பர இலக்கியம் வளர்ந்து வருகிறது. முகச் சுருக்கத்தைக் ‘குறை’ என்றும், அதை ஊசியால் நிரவுவதை ‘மீட்சி’ என்றும் அது எழுதுகிறது. இம்மொழியை ஆராய்வதும் விமர்சனத்தின் கடமையே என நாம் கருதுகிறோம்.

விஞ்ஞானத்தின் மீது நமக்குப் பகையில்லை. 1934ஆம் ஆண்டு கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஹயலுரோனிக் அமிலம் நீரைப் பற்றிவைக்கும் பொருள். அதைக் கூழாக்கித் தோலின் அடியில் செலுத்தினால் பள்ளம் நிரம்புகிறது. இத்தகைய ஊசிக்கு அமெரிக்க அரசு 2003இல் அனுமதி தந்தது. காலப்போக்கில் உடல் அதைக் கரைத்துவிடும். மறுபடியும் ஊசி வேண்டும். தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் பார்வையே பறிபோகலாம்.

ஆனால், சுருக்கம் எங்கிருந்து வந்தது? ‘வயது’ என்ற ஒரே சொல்லில் விளம்பரம் முடித்துவிடுகிறது. கொட்டகலை மலைகளைப் பார்த்தவர்கள் அவ்வாறு முடிக்கமாட்டார்கள். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெயிலின் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக் கூடுகிறது. தோலைத் தாங்கும் கொலாஜன் இழைகளைச் சிதைப்பது அக்கதிரே. கொட்டகலையோ ஆயிரம் மீட்டருக்கும் மேலே உள்ளது. காலைப் பெரட்டு முதல் மாலை நிறுவை வரை, கூடைக்கயிறு தலையில் அழுந்தக் கொழுந்தெடுக்கும் தாய், நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ என்ற அச்சத்தில் நிழலுக்கும் ஒதுங்கத் துணியாள். அவள் முகத்தை உழுதது வயது மட்டுமா?

நம் எழுத்தும் குற்றமற்றதன்று. தோட்டத்துக் கிழவியின் சுருக்கங்களில் சோக அழகைக் கண்டு உருகி, அத்துடன் நின்றுவிடும் கதைகள் உண்டு. விளம்பரக்காரன் சுருக்கத்தை அழிக்கிறான். இவர்கள் அதை அலங்கரிக்கிறார்கள். காரணத்தை மறைப்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி அ. பாலையா தமிழாக்கிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ வேறு வழி காட்டிற்று. தேயிலையின் அடியில் பெயரின்றிப் புதைந்தவர்களின் துயரம் அங்கே அலங்காரமாகவில்லை, உழைப்பின் வரலாறாயிற்று.

முகத்தைச் செப்பனிட விரும்பும் எந்தப் பெண்ணையும் நாம் பழிக்கவில்லை. ஆயினும் கொட்டகலைத் தாய்க்கு முதலில் வேண்டியது ஊசியுமன்று, நமது புகழுரையுமன்று. வெயில் தடுக்கும் தொப்பி, இடையிடையே ஓய்வு, உழைத்த நாளுக்கு முழுப்பேர் — இவையே வேண்டும். இவற்றை அவளோடு நின்று கேட்கும் எழுத்தையே நாம் எதிர்பார்க்கிறோம்.