நிர்பீக்: அரசு விற்ற தைரியம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியாச்சு. போன வாரம் மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது, ரொம்ப நாளாக எழுதாமல் விட்ட ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பெண்களுக்கென்று அரசு ஆலை செய்த ரிவால்வர்.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுத் துப்பாக்கி ஆலை ‘நிர்பீக்’கை வெளியிட்டது. பயமற்றவர் என்று அர்த்தம். ‘நிர்பயா’வின் சாயல் யாருக்கும் விளங்கும். டைட்டானியம் கலந்த உலோகம், அரைக் கிலோ எடை, .32 குண்டுகள் ஆறு, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. விலை 1,22,360 ரூபாய். பிரிட்டிஷ் வெப்லியைத் தழுவி கான்பூரில் முன்பிருந்தே செய்துவந்த .32 ரிவால்வரைவிட இது லேசு. தொழில் சுத்தத்தில் குறை சொல்ல மாட்டேன்.

என் சண்டை அதை விற்ற விதத்தோடுதான். கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற அக்காமார் இந்த விலைக்கு எங்கே போவார்கள்? பணம் இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயசு ஆகணும், மனு போடணும், போலீஸ் விசாரணை முடியணும். ஒரு கை விற்கிறது, இன்னொரு கை யோசிக்கிறது. ரெண்டும் அரசின் கைதான். அப்படியே கிடைத்தாலும், தேர்தல் வந்தால் பெரும்பாலோர் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். ஆபத்து தேர்தல் தேதி பார்த்தா வரும்?

அத்தை மகளிடம் இதைச் சொன்னேன். “அருவில குளிக்கும்போது அதை யாருட்ட குடுத்துட்டுப் போக?” என்றாள். சிரிப்புதான், ஆனால் கேள்வி சரி. நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள் என்கின்றன தேசியக் குற்றப் பதிவேடுகள். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன். அந்த வீட்டு பீரோவில் ரிவால்வர் இருந்தால் சாவி யார் இடுப்பில் இருக்கும்?

ஆயுதம் கேட்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1878 சட்டத்தில் வெள்ளைக்கார அரசு இந்தியர் கையைக் கட்டிப்போட்டதையும், 1911இல் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷைச் சுட்டதையும் இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் அது அந்நிய அரசை எதிர்த்த காலம். இப்போது காவல் கொடுக்க வேண்டியது நம்ம அரசு.

2021இல் படைக்கல ஆலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. 2023இல் அவற்றில் ஒன்று, கான்பூரிலிருந்து ‘பிரபல்’ என்ற அடுத்த ரிவால்வரையும் கொண்டுவந்தது. ஆலை ஆலை வேலையைச் செய்யட்டும். ராத்திரி கடைசி பஸ்ஸில் இறங்கி நடக்கிற பொண்ணுக்குத் தெருவிளக்கும், புகார் கொடுத்தால் உடனே எழுதிக்கொள்கிற ஸ்டேஷனும் வேண்டும். அதைத் தராமல், செத்துப்போன பெண்ணின் பெயர்ச் சாயலில் ஒரு சரக்கை விற்றதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.