உள்ளிருந்து திறக்கப்படும் கதவு

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன; ஒரு தகவல் மேலே போய்ப் பதில் திரும்பவே அரை நொடி பிடிக்கும். இன்று அந்தமானின் டெலானிபூரில் உள்ள வீட்டு வாசலைச் சென்னையில் படிக்கும் மகன் கைப்பேசியில் பார்க்க முடிகிறது. அந்தக் காட்சி அவனை எட்டுவதற்காக ரவுட்டரில் எதைத் திறந்துவிட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வீட்டு ரவுட்டரின் ஃபயர்வால் வேலை செய்யும் விதம் எளிது. உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை விடும். கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். வீட்டுக்காரர் ஒரு பொத்தானைக்கூடத் தொடாமல் இந்தக் காவல் நடக்கிறது என்பதுதான் அதன் பெரிய பலம். அந்தக் காவல் தேவையும்கூட. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இசட்மேப் என்னும் மென்பொருள், ஒரே கணினியிலிருந்து ஏறக்குறைய மொத்த ஐ.பி.வி4 முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டியது. எண்களை வரிசையாகத் தட்டுகிறவனுக்குத் தீவும் தெரியாது, பெருநகரமும் தெரியாது.

இந்தக் கதவு பெரும்பாலும் உள்ளிருந்துதான் திறக்கப்படுகிறது. கேமரா மாட்ட வருபவர் ரவுட்டரின் 192.168.1.1 பக்கத்தைத் திறந்து, மாற்றப்படாத கடவுச்சொல்லால் நுழைந்து, ‘வெர்ச்சுவல் சர்வர்’ பகுதியில் 8000 என்ற போர்ட்டை, கேமராக் காட்சிகளைப் பதிவுசெய்யும் டி.வி.ஆருக்குத் திருப்பி, ‘சேவ்’ அழுத்துகிறார். அது சரிவரவில்லை என்றால் ‘டி.எம்.இசட்.’ இருக்கவே இருக்கிறது: கேட்காமல் வரும் எல்லாவற்றையும் அந்த ஒரே பெட்டிக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு. படம் வந்ததும் அவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். விதி ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

யு.பி.என்.பி. இதைவிட மோசம். அதில் ஆளே வேண்டாம், கருவியே கேட்டு போர்ட்டைத் திறந்துகொள்ளும். வீட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய இந்த வசதிக்கு, வெளியிலிருந்து கேட்டபோதே 8 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் பதில் சொன்னதாக ரேபிட்7 நிறுவனம் 2013-இல் கண்டறிந்தது.

திறந்த கதவும் பழைய கடவுச்சொல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2016-இல் மிராய் என்னும் தீம்பொருள் காட்டியது. ஆலையில் வைத்த கடவுச்சொற்களின் சிறு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அது கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் படையாகத் திரட்டியது. 2017 ஜூலையில் இந்தியாவில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தாக்கப்பட்டன. கடவுச்சொல்லை மாற்றும்படி நிறுவனம் கேட்டுக்கொண்டது. ரவுட்டரே வெளியாருக்குப் பதில் சொல்லத் தொடங்கினால், அதன் பின்னால் எழுதிவைத்த விதிகளால் என்ன பயன்?

‘எங்களுக்குப் பொது முகவரியே இல்லை, யாரும் உள்ளே வர முடியாது’ என்பவர்களும் உண்டு. பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் நிறுவனங்களின் வழக்கத்தால் இது பாதி உண்மைதான். ஆனால் நாட் என்னும் முகவரி மாற்றம் 1994-இல் முகவரிப் பஞ்சத்துக்காக வந்தது, காவலுக்காக அல்ல. புதிய முகவரி முறையான ஐ.பி.வி6-இல் அந்தப் பஞ்சம் இல்லை. வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கலாம். அங்கே தடுக்க வேண்டியது ஃபயர்வால் மட்டுமே. சில ரவுட்டர்களில் அதற்கான அமைப்பு தனிப் பக்கத்தில் இருப்பதால், ஐ.பி.வி4-ஐப் பூட்டியவர் இதை மறந்துவிடுகிறார்.

இன்னொரு குறையை எந்த உள்வரவு விதியும் தீர்க்காது. இன்றைய கேமராக்கள் பல, தாமாகவே வெளியே போய் உற்பத்தியாளரின் சர்வரோடு பேசுகின்றன. உள்ளிருந்து கிளம்பிய பேச்சு என்பதால் ஃபயர்வால் அதை மரியாதையோடு வழியனுப்பி வைக்கும். போர்ட் திறக்காத இந்த முறை திறந்த போர்ட்டைவிட மேல்தான். ஆனால் நம்பிக்கை முழுவதும் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் மேல் போய்விடுகிறது. வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் பூட்டிய பாதையில் வரவைக்கும் சொந்த வி.பி.என். இரண்டையும்விடச் சிறந்தது, ஆனால் அதற்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஆகவே யு.பி.என்.பி.யையும் டி.எம்.இசட்.டையும் அணைத்துவிடுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், யாரோ எழுதிவிட்டுப் போன விதிகளை அழியுங்கள். பிறகு கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு வீட்டு இணைய முகவரியைத் தட்டிப் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடி சோதித்தால் வெளியிலிருந்து எது திறந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது.